பத்து நாள் பழைய எண்

திருத்தணி
16-06-2024

அசோக்குக்கு,

‘அன்புள்ள’ என்று தொடங்கி அடித்துவிட்டேன். கோபம் ஆறிய பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

மோகனாவின் கையில் ஒட்டியிருக்கும் சென்சார் கெட்டுப்போகவில்லை. அது உங்கள் போனுக்குச் சுகர் அளவை அனுப்பிக்கொண்டிருந்ததை நிறுத்தியது நான்தான். உங்கள் அழைப்பு எனக்கு வராமல் தடுத்து வைத்திருப்பதும் நான்தான். தம்பி தணிகைமணியிடமும் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். “பாவாவாண்ட நான் இன்னான்னு சொல்றது?” என்று தலையைச் சொறிந்தான். அக்கா கடிதம் எழுதுவாள் என்று மட்டும் சொல்லச் சொன்னேன்.

புதன்கிழமை நடந்ததை நீங்கள் பின்லாந்தில் உட்கார்ந்து எண்களாகப் பார்த்தீர்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன். சுகர் இறங்குகிறது என்று பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டீர்கள். அதற்கு முன்பே டீச்சர் பிஸ்கட் கொடுத்தாயிற்று. நீங்கள் கத்தியதற்காக ஜூஸும் கொடுத்தார்கள். சுகர் எகிறியது. தணிகைமணியை ஓடவிட்டு இன்சுலின் போடச் சொன்னீர்கள். போட்டான். அரை மணி நேரத்தில் இறங்கவில்லை என்று இன்னொன்று போடச் சொன்னீர்கள். அதையும் போட்டான். சாயந்திரம் இரண்டு ஊசியும் சேர்ந்து வேலையைக் காட்டின, சுகர் அடியோடு இறங்கிவிட்டது. அரக்கோணம் ஸ்டேஷனில் என் கவுண்டரில் டிக்கெட்டுக்கு நின்ற வரிசையை அப்படியே விட்டுவிட்டு நான் ஓடிவந்தபோது நம் பெண் ஆஸ்பத்திரியில் டிரிப்ஸோடு கிடந்தாள். ஒன்பது வயதுக் கை அது. நரம்பு கிடைக்காமல் அங்கங்கே குத்தி வைத்திருந்தார்கள்.

அப்போதும் உங்கள் போன் அடித்தது. அவள் கையைப் போர்வைக்குள் ஒளித்துக்கொண்டாள். “நைனா என்னாண்ட பேசறதே இல்லம்மா, என் சுகராண்டதான் பேசறாரு” என்றாள். நானும் அன்றைக்குத்தான் யோசித்துப் பார்த்தேன். பொய்யில்லை.

அதனால், சொல்ல வேண்டியதை எழுதுங்கள். தபால் வரப் பத்து நாள் ஆகுமாம். பத்து நாள் தள்ளி வந்தால் உடனே ஊசி போடு, உடனே ஜூஸ் கொடு என்று சொல்ல முடியாதல்லவா, அதற்குத்தான். அவள் எப்படி இருக்கிறாள் என்று நான் எழுதுகிறேன். எண் மட்டும் எழுத மாட்டேன்.

அனுராதா

*

தாம்பரே, பின்லாந்து
27-06-2024

அனு,

கடிதம் நேற்று வந்தது. இந்தப் பத்து நாளும் போனைத் திறந்து வைத்துக்கொண்டு, கோடு ஓடாத அந்த வெள்ளைக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறாளா, தூங்குகிறாளா என்று அந்தக் கோட்டை வைத்துத்தான் தெரிந்துகொள்வேன். இப்போது அதுவும் இல்லை.

நீ செய்தது தப்பு. நான் இங்கே வந்து ஆராய்ச்சி செய்வதே இதைத்தான். எதையும் இடைவெளி விட்டு விட்டுத்தான் நம்மால் பார்க்க முடிகிறது. பார்த்ததை வைத்துத் திருத்துகிறோம். நடுவில் என்ன நடந்தது என்று தெரியாது. திருத்தம் அளவாக இருந்தால் ஆட்டம் ஒவ்வொரு தடவையும் குறைந்து அடங்கிவிடும். மிஞ்சினால் ஒவ்வொரு திருத்தமும் அடுத்த ஆட்டத்தைப் பெரிதாக்கும். எங்கள் குளியலறைக் குழாயில் தினமும் இதை அனுபவிக்கிறேன். திருப்பினால் வெந்நீர் வரத் தாமதமாகும். பொறுக்காமல் இன்னும் திருப்பினால் சுட்டுவிடும். பயந்து மறுபக்கம் திருப்பினால் விறைத்துப்போவேன்.

புதன்கிழமை நடந்ததும் அதுதான். அது எனக்குத் தெரியாதா? எண் கீழே போகும்போது அந்தப் பக்கம் என் மகள் இருக்கிறாள், அனு. தேற்றத்தில் மகள் வருவதில்லை. அதற்கு மருந்து, பார்ப்பதை நிறுத்துவது அல்ல. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை இருந்த பார்வையை நீ பத்து நாளுக்கு ஒன்று ஆக்கிவிட்டாய். எந்த முறை போட்டாலும் இதில் ஆட்டம் அடங்கும் என்று நிறுவ முடியாது.

திட்டி முடித்துவிட்டேன். ஒன்று மட்டும் கேள். காலையில் டிபனுக்கு அப்புறம் எகிறுகிறதே, அதற்குக் காரணம் ஊசியும் இட்லியும் ஒன்றாக உள்ளே போவது. இட்லி முந்திக்கொள்கிறது. கால் மணி நேரம் முன்னால் ஊசி போட்டுவிட்டு அப்புறம் சாப்பிடக் கொடு. டாக்டரிடமும் கேட்டுக்கொள்.

ஓடி வந்துவிடலாம் என்றுதான் இருக்கிறது. வேலை அனுமதியைப் புதுப்பிக்க மனு போட்டிருக்கிறேன். முடிவு வருவதற்குள் இந்த நாட்டை விட்டு வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். அவளுக்குச் சென்சார் வாங்குவதெல்லாம் இந்த வேலையில்தான். எதைச் செய்தாலும் அவளுக்குத்தான் அடி விழுகிறது.

மோகனாவிடம் நான் கேட்டதாகச் சொல். என்ன கேட்டேன் என்று கேட்டால் சும்மா கேட்டேன் என்று சொல்.

அசோக்

*

திருத்தணி
07-07-2024

அன்புள்ள அசோக்குக்கு,

சேர்த்துவிட்டேன், பார்த்தீர்களா.

உறையைப் பார்த்துவிட்டுத் தம்பி பெண்டாட்டி பத்மா, “தாம்பரத்துலேந்து வர்றதுக்கா இத்தினி ஸ்டாம்பு ஒட்டிக்கீது?” என்றாள். உங்கள் ஊர்ப் பெயரைத் திருத்தித் திருத்தி எனக்குச் சலித்துவிட்டது. தாம்பரமாகவே இருந்துவிட்டுப் போங்கள்.

நீங்கள் எழுதியபடிதான் இப்போது ஊசி போடுகிறேன். டாக்டரும் சரி என்றார். காலையில் எகிறுவது நின்றுவிட்டது. சண்டைக்காரி என்றாலும் உள்ளதைச் சொல்லத்தான் வேண்டும். அந்தக் கால் மணி நேரம் அவள் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். முள் வந்ததும், “அம்மா, நைனா டைம் ஆயிடுச்சு!” என்று கத்துவாள். அப்படித்தான் பெயர் வைத்திருக்கிறாள்.

முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. பக்கத்து பெஞ்சில் பிரியங்கா என்று ஒரு வாயாடி சேர்ந்திருக்கிறாள். இரண்டு பேரும் சேர்ந்து சென்சாருக்குப் பேனாவால் கண்ணும் மூக்கும் வரைந்து வைத்திருக்கிறார்கள். கையை இப்போது ஒளிப்பதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆடிக் கிருத்திகைக்குத் தணிகைமணி வருஷா வருஷம் பூக்காவடி எடுப்பது உங்களுக்குத் தெரியும். இந்த வருஷம் தனக்கும் ஒரு காவடி வேண்டும் என்கிறாள் மோகனா. என்னடி வேண்டுதல் என்றால், “சொன்னா பலிக்காதும்மா” என்கிறாள். மாமா சின்னதாக ஒன்று கட்டித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டான். மலைப்படி ஏறிக் காவடியைச் சாமி முன்னால் இறக்கி வைத்த பிறகுதான் சாப்பாடு. அதுவரை பாலும் வாழைப்பழமும்தான். டாக்டர், ஏறட்டும், பையில் சர்க்கரை இருக்கட்டும் என்கிறார். நான்தான் அவரிடம் அதையே இரண்டு தடவை திரும்பக் கேட்டேன். ஆனால் அவள் இந்த நோயை மறந்து ஒன்றை ஆசைப்படுவது இதுதான் முதல் தடவை. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்றைக்கு ஊசியை எப்போது போடுவது? எழுதுங்கள். கேட்கிறேன் என்பதற்காகக் கூப்பிட்டுவிடாதீர்கள். ஒரு தடவை போன் அடித்தாலும் இந்தக் கடிதமும் நின்றுபோகும்.

அனு

*

தாம்பரே
18-07-2024

அன்புள்ள அனு,

நீயே என்னைக் கேட்டிருக்கிறாய். அந்த வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். ‘நைனா டைம்’ என்ற இடம் வந்ததும் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் வெளியே நடந்துவிட்டு வந்தேன். எந்தப் பல் விழுந்தது? மேலா, கீழா?

ஏறட்டும். நான் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். காலை ஊசியைப் பாதியாகக் குறைத்துவிடு. படியேறும்போது உடம்பே சர்க்கரையை எரித்துவிடும். அன்றைக்கு, மருந்தை இரட்டித்தால் பலனும் இரட்டிக்கும் என்ற நேர்க்கணக்கு செல்லாது, அதனால் பாதிக்கு மேல் வேண்டவே வேண்டாம். அடுத்த ஊசியை, சாமிக்குக் கிட்டே போய், சாப்பாடு கைக்கு வரக் கால் மணி நேரம் இருக்கும்போது போடு. வீட்டில் செய்கிறாயே, அதேதான். சுகர் இறங்கினால் தின்ன, அவள் கையில் குளுக்கோஸ் மாத்திரை ஒன்று கொடுத்து வை.

என்ன வேண்டிக்கொண்டாள் என்று எனக்கு மட்டும் கேட்டுச் சொல்லேன்.

உன்
அசோக்

*

தாம்பரே
20-07-2024

அனு,

நேற்று முன்தினம் அனுப்பிய கடிதத்தில் அந்த இரண்டாவது ஊசியைப் பற்றி எழுதியிருப்பதை அடித்துவிடு. போடாதே. சாப்பாடு அவள் வாய்க்குள் போன பிறகு போடு. சுகர் எகிறினால் எகிறட்டும்.

வீட்டில் இட்லி அடுப்பில் இருக்கிறது. கால் மணி நேரம் என்றால் கால் மணி நேரம்தான். தாமதம் எவ்வளவு என்று ஓர் எல்லை தெரிந்தால்தான் என் கணக்குச் செல்லும். கிருத்திகைக் கூட்டத்துக்கு என்ன எல்லை இருக்கிறது? நடை சாத்தினால்? வரிசை நின்றுவிட்டால்? என் தேற்றமே சமநிலைக்குப் பக்கத்தில் இருக்கும்வரைதான் திரும்பி வரும் என்கிறது. தள்ளிப்போய்விட்டால் எங்கே போகும் என்று எனக்கே தெரியாது. அந்தக் கடிதத்தை எழுதும்போது இதை எப்படி மறந்தேன்?

தணிகைமணியின் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். கூப்பிடவில்லை. உன் பேச்சை மீறிக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத்தானே இந்தக் கதிக்கு வந்தேன். இந்த ஒரு தடவையாவது சொன்னபடி நடக்கிறேன். கூரியரில் போடுகிறேன். கிருத்திகைக்கு முன்னாலேயே கைக்கு வந்துவிடும் என்று அடித்துச் சொல்கிறார்கள்.

கிடைத்ததும் ஒரே ஒரு வரி எழுது.

அசோக்

*

திருத்தணி
02-08-2024

அசோக்குக்கு,

முதலில் இது: மோகனா உயிரோடு இருக்கிறாள். வீட்டுக்கு வந்துவிட்டாள்.

உங்கள் முதல் கடிதம் கிருத்திகைக்கு முன்பே வந்தது. இரண்டாவது நேற்றுத்தான் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிப் பிரித்து, அந்த ‘போடாதே’யைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பத்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அன்றைக்கு எல்லாம் நல்லபடியாகத்தான் போயிற்று. பொய்கையில் குளித்தாள். மஞ்சள் பாவாடை, தோளில் சாமந்திக் காவடி. படியில் எங்களுக்குத்தான் மூச்சு வாங்கியது, அவள் மாமாவுக்கு முன்னால் ஏறினாள். சன்னிதி கண்ணுக்குத் தெரியும் தூரம் வந்தபோது, நீங்கள் எழுதியபடி, ஊசி போட்டேன். மாத்திரையைக் கையில் கொடுத்தேன். அடுத்த நிமிடம் அபிஷேகத்துக்குத் திரை போட்டுவிட்டார்கள். வரிசை நின்றது. பின்னாலிருந்து தள்ளுகிறார்கள், முன்னால் போக வழியில்லை, வெளியே வரவும் வழியில்லை. சென்சாருக்கான போனும் சர்க்கரையும் இருந்த பை கூட்டத்தில் பத்மாவோடு எங்கோ பின்தங்கிவிட்டது. மோகனாவின் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. வேர்த்தது. அங்கே எல்லோருக்கும்தான் வேர்த்தது.

“மோகனா, மாத்திரையைப் போட்டுக்கினியா?” என்றேன்.

“ஆங்” என்றாள்.

கொஞ்ச நேரத்தில் கண் செருகி, கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. தணிகைமணி தன் காவடியை யார் தோளிலோ தள்ளிவிட்டு, யாரிடமோ இருந்த பஞ்சாமிர்தத்தைப் பிடுங்கி அவள் ஈறில் தேய்த்தான். “வயி வுடுங்கய்யா, கொயந்த, வயி வுடுங்க!” என்று அவன் கத்திய கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. தலைக்கு மேலே கைமாற்றிக் கைமாற்றித்தான் அவளை வெளியே கொண்டுபோனார்கள். என் பிள்ளையை முகம் தெரியாதவர்கள் தூக்கிக்கொண்டு போக, நான் பின்னால் நகரக்கூட முடியாமல் நின்றுகொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் விரலைப் பிரித்தார். மாத்திரை உள்ளங்கையில் கரைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் கேட்டேன், ஏண்டி தின்னவில்லை என்று. “காவடி எறக்கறதுக்கு முன்ன சாப்டா பலிக்காதும்மா. நைனா வரணும்னு வேண்டிக்கினேன்” என்றாள்.

நீங்கள் கேட்டிருந்தீர்களே என்ன வேண்டுதல் என்று. அதுதான்.

இப்போது நான் கேட்கிறேன். காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை போன் போட்டுக் கழுத்தை அறுத்த மனுஷன், போட வேண்டிய ஒரு நாள் ஏன் போடவில்லை? நான் சொன்னேன் என்பதற்காகவா? நான் ஆயிரம் சொல்வேன். கோபத்தில் கதவைச் சாத்தினால் வீடு பற்றி எரியும்போதும் தட்ட மாட்டீர்களா? இதை எழுதும்போதே தெரிகிறது, சாத்தியது நான்தான். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் உங்களைத் திட்டுகிறேன்.

உங்கள் எண்ணுக்கு இருந்த தடையை எடுத்துவிட்டேன். சென்சாரை உங்கள் போனோடு திரும்ப இணைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. 18ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, எங்களுக்குச் சாயந்திரம், கூப்பிடுங்கள். அவளிடம் கொடுக்கிறேன். சுகரைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். காலில் விழுந்து கேட்டுக்கொள்கிறேன்.

அனு

*

தாம்பரே
19-08-2024

அனு,

நேற்று நடந்ததில் தப்பு என் மேல்தான். போனில் திரும்பக் கூப்பிட எனக்கு வாய் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

என்னென்ன கேட்க வேண்டும் என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். மேல் பல்லா கீழ்ப் பல்லா, பிரியங்கா இன்னும் வாயாடுகிறாளா, சாமந்தியை யார் தேர்ந்தெடுத்தது. “நைனா” என்று அவள் குரல் வந்ததும் எல்லாம் போய்விட்டது. அந்தக் குரல் மெலிந்திருந்தது. சோர்வா, தூக்கமா, இறங்குகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. வாயைத் திறந்தால் வந்தது அதுதான். “சுகர் எவ்ளோம்மா?”

அவள் போனைக் கீழே வைத்த சத்தம் கேட்டது. வைத்துவிட்டு நடந்துபோன கொலுசுச் சத்தமும் கேட்டது. நீ “ஹலோ, ஹலோ” என்றாய். நான் போனைக் காதிலேயே அழுத்திக்கொண்டு நின்றேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காலையில் குடியேற்ற அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். என் மனு இன்னும் வரிசையில்தான் இருக்கிறதாம். அடுத்த கோடைக்கு முன்னால் என்று நினைக்காதீர்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள் அங்கே இருந்த பெண். வேலையை விட்டுவிட்டு வந்துவிடட்டுமா என்று விடிய விடிய யோசித்தேன். வந்தால் மோகனா கையில் அந்தச் சென்சார் எத்தனை நாள் இருக்கும்? வராவிட்டால் அவள் எத்தனை நாள் என்னை நைனா என்பாள்? இப்போதைக்கு வர முடியாது, அனு.

உன்னிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அவளிடம் என்னைப் பற்றி எந்த வாக்கும் கொடுத்துவிடாதே. தீபாவளிக்கு வருவேன், பொங்கலுக்கு வருவேன் என்று பேச்சுக்குக்கூடச் சொல்லாதே. அவள் வாக்கை நம்பினால் கையில் இருக்கும் மாத்திரையைக்கூடத் தின்னாமல் இருப்பவள்.

அசோக்

*

திருத்தணி
19-08-2024

அன்புள்ள அசோக்குக்கு,

நேற்றைக்கு நீங்கள் அழுதீர்களா? போனில் மூச்சு மட்டும் கேட்டது. திட்டுவதற்காக எழுதவில்லை, பயப்படாதீர்கள். போனில் சொல்ல முடியாது, ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரிகிறாள்.

போனை வைத்துவிட்டுப் போனவள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். இன்று பள்ளிக்கூடம் போகவில்லை. காலையிலிருந்து சாப்பிடவும் இல்லை. ஊசி போடவும் பயம், போடாமல் இருக்கவும் பயம். தட்டை வைத்துக்கொண்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் என் பக்கம் திரும்பி, “காவடி சாமியாண்ட போவல இல்ல? அதான் நைனா வரல. அதான் சுகரையே கேக்கறாரு” என்றாள்.

அசோக், அந்தக் காவடி எங்கே போயிற்று என்று எங்கள் யாருக்கும் தெரியாது. கூட்டத்தில் மிதிபட்டிருக்கும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. “மாமா அப்பவே எடுத்துக்கினு போய் எறக்கிட்டான்டி” என்று சொல்லிவிட்டேன். தணிகைமணி வாசலில் நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். “ஆங், எறக்கிட்டேன். முருகன் காலாண்டயே வச்சேன்” என்றான்.

எழுந்து உட்கார்ந்தாள். “அப்பன்னா வருவாரா?”

“வருவாரு. தீபாவளிக்கு வந்துடுவாரு” என்றேன்.

உங்களைக் கேட்காமல் சொன்னது தப்புத்தான். அனுமதி கினுமதி எல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் அதைச் சொன்னதும் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு இட்லி சாப்பிட்டாள். பிரியங்காவுக்குப் போன் போட்டு, எங்க நைனா வர்றாரு என்று சொல்லியும் விட்டாள். எந்த ரயிலில் வருவீர்கள் என்று என்னைக் கேட்கிறாள், நான் டிக்கெட் கொடுப்பவள் ஆயிற்றே. இனிமேல் இதை என்னால் திருப்பி வாங்க முடியாது. எப்படியாவது பாருங்கள்.

இப்போது வந்து என் தோளில் சாய்ந்துகொண்டு நிற்கிறாள். மேலே எழுதியதெல்லாம் அவள் கண்ணில் படாமல் கையால் மறைத்துக்கொண்டு எழுதுகிறேன். “நைனா நேத்து கேட்டாரே, நான் சொல்லாமலே பூட்டேன். எழுதும்மா” என்கிறாள். இது போய்ச் சேரப் பத்து நாள் ஆகும், அதற்குள் மாறிவிடுமே என்றால், “பரவால்ல, எழுது” என்கிறாள்.

நூற்றுப் பதினெட்டு.

கீழே கோடு போடச் சொன்னாள். போட்டிருக்கிறேன். தீபாவளிக்கு வந்துவிடுங்கள்.

அனு